எந்த அறைக்கு எந்தக் கலர்: கும்பகோணத்துப் பெயின்ட் கடையிலிருந்து

வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறீர்களா? "நீலம் அமைதி, சிவப்பு கோபம், மஞ்சள் சந்தோஷம்" என்று எங்கேயோ படித்த பட்டியலை முதலில் ஓரமாக வையுங்கள். கும்பகோணத்தில் அப்பா ஆரம்பித்த பெயின்ட் கடையை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். கலர் மிக்ஸிங் மெஷின் முன்னால் நிற்பதும் பெரும்பாலும் நான்தான். அந்தப் பட்டியலை போனில் வைத்துக்கொண்டு வராத நாள் இல்லை. "பெட்ரூமுக்கு நீலம் போட்டா நல்லா தூக்கம் வருமாமே மேடம்?" என்பார்கள். எந்த நீலம் என்று திருப்பிக் கேட்டால் முழிப்பார்கள். விடிகாலை வானத்தின் நீலமும் நீலம்தான், ஸ்கூல் யூனிபார்ம் நீலமும் நீலம்தான். முதலாவதில் மனசு லேசாகும். இரண்டாவது நாலு சுவரிலும் ஏறினால் அறை கிணற்றுக்குள் இறங்கின மாதிரி ஆகிவிடும்.

நான் போகும் வரிசை வேறு. அந்த அறையில் யார், எந்த நேரத்தில் இருப்பார்கள் என்பது முதல் கேள்வி. அங்கே வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பது அடுத்தது. பிறகு கலர் எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர்த்தி. பச்சையா நீலமா என்பதெல்லாம் கடைசியில்தான். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

அடர்த்தியை முதலில் முடிவு செய்யுங்கள்

ஒரு கலரைப் பார்க்கும்போது மூன்று விஷயம் சேர்ந்து கண்ணில் படுகிறது. அது எந்தக் குடும்பம் (சிவப்பு, பச்சை, நீலம்), எவ்வளவு வெளிர் அல்லது இருட்டு, எவ்வளவு பளிச் அல்லது மங்கல். 1994இல் வால்டெஸ், மெஹ்ராபியன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். கலர் துண்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டி, பார்க்கும்போது என்ன தோன்றுகிறது என்று ஆட்களைக் கேட்டார்கள். எந்தக் குடும்பத்துக் கலர் என்பதைவிட அது எவ்வளவு வெளிர், எவ்வளவு பளிச் என்பதுதான் உணர்ச்சியை அதிகம் மாற்றியது. வெளிர் கலர்கள் இதமாகத் தோன்றின. பளிச் கலர்கள் ஆளை உசுப்பின. இருண்ட கலர்கள் கனத்தையும் அதிகாரத்தையும் கொடுத்தன.

கடையில் நின்று பார்க்கிற எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. வெளிர் ரோஸ், வெளிர் பச்சை, வெளிர் நீலம் மூன்றும் சுவரில் ஏறியபின் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகத்தான் நடந்துகொள்ளும். வெளிர் நீலத்துக்கும் நேவி ப்ளூவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இதை எளிதாகக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நீங்கள் எடுத்திருக்கும் கலர் எந்த பேஸில் வருகிறது என்று கடைக்காரரைக் கேளுங்கள். டின்னில் முதலில் இருப்பது பேஸ் மட்டும்தான். வெளிர் கலர்களுக்கான பேஸில் வெள்ளை நிறமி நிறைய இருக்கும். அடர் கலர்களுக்கான பேஸில் வெள்ளை ரொம்பக் குறைவு, அல்லது இல்லவே இல்லை. கம்ப்யூட்டரில் ஷேட் நம்பரைத் தட்டினதும் மெஷினின் மூக்குகளிலிருந்து கறுப்பு, மஞ்சள் ஆக்சைடு, நீலம் என்று நூல் நூலாக டின்னின் நடுவில் இறங்கும். நாலு லிட்டர் வெளிர் சந்தனத்துக்குப் போகும் கலர் ரொம்பக் கொஞ்சம்தான். மூடியைத் தட்டி ஷேக்கரில் ஏற்றி இறக்கியபின் நான் திறந்து, விரலால் ஒரு தீற்றல் எடுத்து மூடியின் மேல் தடவி, ஹேர் டிரையரால் காய வைப்பேன். எமல்ஷன் ஈரமாக இருக்கும்போது பால் கலந்த மாதிரி வெளிர்ந்து தெரியும், காய்ந்தால் ஒரு சுற்று அடர்த்தியாகும். அதனால் பெயின்டர் முதல் கோட் அடித்துக்கொண்டிருக்கும்போதே "கலர் மாறிப்போச்சு" என்று கடைக்குப் போன் போடாதீர்கள். மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள்.

ஷேட் கார்டில் ஒவ்வொரு பட்டையிலும் ஒரே குடும்பம் வெளிரிலிருந்து அடர்த்தி வரை இறங்கும். உங்களுக்குப் பிடித்த கட்டத்தில் விரலை வைத்தபின், நாலு சுவருக்கும் அடிப்பதாக இருந்தால் அங்கிருந்து இரண்டு கட்டம் வெளிருக்கு ஏறுங்கள். கையகலத் துண்டில் சாதுவாகத் தெரியும் கலர் சுவரில் சத்தம் போடும். ஒரு சுவரில் பட்ட வெளிச்சம் எதிர்ச்சுவருக்குப் போகிறது, அங்கிருந்து திரும்புகிறது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கலரை ஏற்றிக்கொண்டுதான் போகிறது. அறை சின்னதாக இருந்தால் இது இன்னும் மோசம்.

சில கம்பெனிகளின் கார்டில் எல்ஆர்வி என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். பட்ட வெளிச்சத்தில் எத்தனை சதவீதத்தை அந்தக் கலர் திருப்பி அனுப்பும் என்ற கணக்கு அது. நல்ல வெள்ளை 80க்கு மேல், கறுப்பு 5ஐ ஒட்டி இருக்கும். பகலில் லைட் போடாமல் இருக்க விரும்பும் அறைக்கு 60க்குக் கீழே நான் கொடுப்பதில்லை. இது என் கடைச் சட்டம்தான், புத்தகச் சட்டம் இல்லை.

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது

எங்கள் ஊரின் பழைய தெருக்களில் வீட்டுக்கு வீடு பொதுச்சுவர். வாசலில் வெளிச்சம், கொல்லையில் வெளிச்சம், முற்றம் மிச்சமிருந்தால் நடுவில் கொஞ்சம். இரண்டாம் கட்டு எப்போதும் அரையிருட்டு. இந்த மாதிரி அறைக்கு எல்லோரும் கேட்பது பளீர் வெள்ளை. "வெள்ளை அடிச்சா வெளிச்சமாயிடும்" என்று ஒரு நம்பிக்கை. சுவருக்குச் சொந்தமாக வெளிச்சம் கிடையாது. வருகிற வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப மட்டும்தான் அதற்குத் தெரியும். வெளிச்சமே வராத அறையில் வெள்ளை, சாம்பல் பூத்த முகத்தோடு உட்கார்ந்திருக்கும். அங்கே உட்காருகிறவர்களுக்குக் காரணம் புரியாமலே மனசு சோர்ந்துபோகும். அந்த அறைகளுக்கு நான் கொடுப்பது வெளிர் சந்தனம், இல்லையென்றால் பீச் கலந்த க்ரீம். கூடவே ஒரு விளக்கு, அதுவும் சுவரில் அடிக்கிற மாதிரி.

வெள்ளையிலேயே பல வெள்ளை இருக்கிறது. அப்பா காலத்தில் பொங்கலுக்கு முன் சுண்ணாம்பை ஊறப்போட்டு, வடிகட்டி, கடைசியில் துணிக்குப் போடும் நீலத்தைக் கொஞ்சம் கரைத்து ஊற்றுவார்கள். சுண்ணாம்பின் மஞ்சள் சாயலை அந்த நீலம் அடித்துவிடும், சுவர் பளிச்சென்று வரும். இப்போது டின்னில் வரும் வெள்ளையிலும் நீலம் சாய்ந்தது, மஞ்சள் சாய்ந்தது என்று இருக்கிறது. நீலம் சாய்ந்த வெள்ளை வெயில் கொட்டும் ஹாலுக்கு அழகு. இருட்டறையில் அதுவே குளிர்ந்து கிடக்கும்.

மேற்குப் பார்த்த அறைகளில் கவனம் வேண்டும். மதியம் மூன்று மணிக்கு மேல் ஜன்னல் வழியாக வரும் வெயிலே ஆரஞ்சு கலர்தான். சுவரும் ஆரஞ்சாகவோ செங்கல் நிறமாகவோ இருந்தால் ஆபீஸ் முடிந்து வீட்டுக்குள் நுழைகிறவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும். அங்கே பச்சை கலந்த சாம்பலோ வெளிர் நீலமோ போட்டால் அறை குளிர்ந்த மாதிரி தோன்றும். தோன்றுவது மட்டும்தான், தெர்மாமீட்டர் அசையாது. நிஜமாகவே சூடு குறைய வேண்டுமென்றால் காசை மொட்டைமாடியில் போடுங்கள். வெயிலைத் திருப்பி அடிக்கும் வெள்ளைப் பூச்சு அங்கே அடித்தால் கீழே இருக்கும் அறைக்கு வித்தியாசம் தெரியும்.

வடக்கு ஜன்னல் வருஷத்தில் பெரும்பகுதி சீரான, நேர் வெயில் படாத வெளிச்சம் கொடுக்கும். ஆனால் நம் ஊர் 11 டிகிரியை ஒட்டி இருப்பதால் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் நாலாம் வாரம் வரை உச்சிவேளைச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். அந்த மாதங்களில் வடக்கு அறையின் கலரும் கொஞ்சம் மாறித் தெரியும். மார்கழியில் பார்த்து முடிவு செய்துவிட்டுக் கத்திரியில் வந்து என்னிடம் சண்டை போடுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

சாயங்காலத்தையும் ஒரு தடவை பாருங்கள். வாசலில் செம்பருத்தி இருந்தால் இருட்டத் தொடங்கும் நேரத்தில் அதையே கவனியுங்கள். பகலில் எரிகிற சிவப்பாக இருந்த பூ சட்டென்று கறுத்துவிடும். பக்கத்தில் இருக்கும் இலை இன்னும் தெளிவாகத் தெரிந்துகொண்டிருக்கும். வெளிச்சம் குறையக் குறையக் கண் வேறு வகைச் செல்களுக்கு மாறுகிறது. அந்தச் செல்களுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, நீலமும் பச்சையும் தெரியும். செக் நாட்டு விஞ்ஞானி புர்கின்யே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கவனித்து எழுதினார். மாடிப்படி, திண்ணை, நடை என்று விளக்கு போடாமலே ஆறு மணிக்கு நடமாடும் இடங்களில் மெரூன் வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். மற்ற சுவருக்கு முன்னால் அந்தச் சுவருக்கு ராத்திரி வந்துவிடும்.

பல்பை மறந்தால் எல்லாம் போச்சு

கலருக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, பல்பு வாங்கும்போது எதைக் கொடுத்தாலும் வாங்கிவருவார்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் தொங்குவது 6500 கெல்வின் வெள்ளை எல்இடி டியூப். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண், குறையக் குறைய வெளிச்சம் மஞ்சளாகும். 6500 என்பது நீலம் அதிகமுள்ள வெளிச்சம். க்ரீம், சந்தனம், பீச் எல்லாம் அந்த டியூபின் கீழே ரத்தம் வற்றிப்போகும். கடையில் பகல் வெளிச்சத்தில் பார்த்து மயங்கி எடுத்த கலர் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் நோயாளி மாதிரி தெரிவது இதனால்தான். ஹாலுக்கு 4000, படுக்கையறைக்கு 2700 முதல் 3000 வரை என்று அட்டையில் பார்த்து வாங்குங்கள். சிஆர்ஐ என்ற எண்ணும் அட்டையில் இருக்கும். அது 80க்குக் குறைந்தால் பெயின்டும் புடவையும் சாம்பாரும் எதுவும் தன் நிறத்தில் தெரியாது.

தூக்கத்துக்கும் நீலத்துக்கும் உள்ள நிஜமான சம்பந்தம் சுவரில் இல்லை, விளக்கில் இருக்கிறது. கண்ணின் பின்திரையில் பார்ப்பதற்கு முக்கியமில்லாத சில செல்கள் உண்டு. இது பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதுதான் அவற்றின் முக்கிய வேலை. 480 நானோமீட்டரை ஒட்டிய நீல வெளிச்சத்துக்குத்தான் அவை அதிகம் அசையும். அந்த வெளிச்சம் அதிகமானால் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பது தள்ளிப்போகும். ஆக, சுவரில் இதமான நீலம் அடித்துவிட்டுத் தலைக்கு மேலே 6500 டியூபைப் பத்தரை மணி வரை எரிய விடுவது, ஒரு கையால் தாலாட்டி மறு கையால் எழுப்புவது.

நம் வீட்டு ஜீரோ வாட்ஸ் பல்பு இன்னொரு வேடிக்கை. ராத்திரி முழுக்க எரியும் அந்தப் பல்பை நீலத்திலும் பச்சையிலும்தான் எல்லோரும் வாங்குகிறார்கள், 'குளுமையாக இருக்கும்' என்று. அந்த மங்கல் வெளிச்சம் பெரிய கெடுதல் எதுவும் செய்துவிடாது. ஆனால் உடம்பின் கடிகாரத்தை நினைத்து வாங்குவதாக இருந்தால் சிவப்போ ஆரஞ்சோதான் சரி.

சாம்பிள் அடித்துப் பாருங்கள், ஆனால் பழைய சுவரில் வேண்டாம்

எல்லோரும் செய்வது பழைய பச்சைச் சுவரின் நடுவில் புதுக் கலரில் ஒரு சதுரம். அது உங்களை ஏமாற்றும். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸின் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப்பட்டறைக்குப் பொறுப்பாக இருந்தவர் ஷெவ்ரல் என்ற வேதியியல்காரர். கறுப்பு நூல் சோகையாக இருக்கிறது என்று அவரிடம் புகார் வந்தது. சாயத்தை ஆராய்ந்தால் குறை ஒன்றும் இல்லை. பக்கத்தில் வைத்து நெய்த கலர்கள்தான் கறுப்பை அப்படிக் காட்டியிருக்கின்றன. 1839இல் இதைப் பற்றிப் பெரிய புத்தகமே போட்டார். சிவப்பு சோபாவுக்குப் பின்னால் இருக்கும் சாம்பல் சுவர் லேசாகப் பச்சை அடிப்பதும், ரோஸ் டைல்ஸ் போட்ட பாத்ரூமில் பிஸ்கட் கலர் பாசி பிடித்த மாதிரி தெரிவதும் இதே கதைதான். "நீங்க கலரை மாத்திக் குடுத்துட்டீங்க" என்று என்னிடம் வரும் புகார்களில் பாதி, அந்த வீட்டு சோபாவிடம் போக வேண்டிய புகார்.

நான் சொல்லும் முறை இது. இரண்டடிக்கு இரண்டடி அட்டையோ ப்ளைவுட் துண்டோ எடுத்து ஒயிட் ப்ரைமர் அடியுங்கள். அதன் மேல் சாம்பிள் பெயின்டை இரண்டு கோட் அடித்துக் காய விடுங்கள். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு நாள், ஜன்னல் இருக்கும் சுவரிலேயே ஒரு நாள் சாத்தி வையுங்கள். ஒரே அட்டை இரண்டு இடத்திலும் இரண்டு கலராகத் தெரியும். காலை காப்பி நேரம், உச்சி, விளக்கேற்றும் நேரம், டியூப் வெளிச்சம் என்று நாலு நேரமும் பாருங்கள். நின்று பார்க்க வேண்டாம். அந்த அறையில் எங்கே உட்காருவீர்களோ, எங்கே படுப்பீர்களோ அங்கிருந்து பாருங்கள். ஒவ்வொரு தடவையும் மனசில் முதலில் வந்த ஒரே ஒரு வார்த்தையை அட்டையின் பின்னால் எழுதி வையுங்கள். 'அழகு', 'சூப்பர்' எல்லாம் கணக்கில் சேராது. 'தூக்கம்', 'ஆஸ்பத்திரி', 'வேர்க்குது', 'அம்மா வீடு' என்று வருகிற வார்த்தைதான் வேண்டும்.

அட்டையைத் தரையில் ஊன்றியும் ஒரு தடவை பாருங்கள். பழைய வீடுகளின் ரெட் ஆக்சைடு தரை, தன்மேல் விழும் வெயிலைச் சிவப்பாக்கிச் சுவரின் கீழ்ப்பாதியில் வீசும். மேலே பச்சை அடித்தால் இடுப்புயரம் வரை அது அழுக்குப் பழுப்பாகத் தெரியும். ஆத்தங்குடி டைல்ஸ் போட்டவர்கள் சுவரை அடக்கி வாசிக்க விடுங்கள். தரையே அங்கே கச்சேரி செய்துகொண்டிருக்கும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு எந்தக் கலர் ஆகாது?

எது பிடிக்கும் என்று கேட்டால் குடும்பத்தில் சண்டை வரும். எது ஆகவே ஆகாது என்று கேளுங்கள், வேலை சீக்கிரம் முடியும். கலரின் பாதி குணம் நம் ஞாபகத்தில்தான் இருக்கிறது.

பச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். நடவு முடிந்த வயலைப் பார்த்து வளர்ந்த எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வெளிர் பச்சை என்றால் வயிறு நிறைந்த மாதிரி. ஆனால் கணவருக்காக ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கூட இருந்துவிட்டு வந்த ஒரு அம்மா, நான் எடுத்துக் காட்டிய கடல்பச்சையைப் பார்த்ததும் கார்டையே மூடிவிட்டார். "அது வேண்டாம் பாப்பா, அந்தத் திரைச்சீலை கலர்" என்றார். நானும் வற்புறுத்தவில்லை, பீச் எடுத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்குப் பச்சை வந்ததே அமைதிக்காக அல்ல. முன்பெல்லாம் ஆபரேஷன் தியேட்டர் முழுக்க வெள்ளை. ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நிமிர்ந்தால் வெள்ளையில் கண் கூசும், பச்சைத் திட்டுகள் மிதக்கும். 1914இல் சான் பிரான்சிஸ்கோவில் ஷெர்மன் என்ற சர்ஜன் அறையைக் கீரைப் பச்சைக்கு மாற்றினார். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். வெள்ளைத்தாளில் பெரிய குங்குமப் பொட்டு ஒன்று வைத்து, கண்ணை எடுக்காமல் அரை நிமிஷம் பாருங்கள். பிறகு பார்வையைத் தாளின் வெற்றிடத்துக்கு நகர்த்தினால் நீலம் கலந்த பச்சைப் பொட்டு ஒன்று மிதக்கும். பச்சைத் துணியில் அந்தத் திட்டு கலந்து மறைந்துவிடும், விஷயம் அவ்வளவுதான்.

ஊருக்கு ஊர் அர்த்தமும் மாறும். நீலம் என்றால் அமைதி என்கிறார்களே, பரதரின் நாட்டிய சாஸ்திரத்தில் நீலம் அருவருப்புக்கு உரிய நிறம். சிருங்காரத்துக்குப் பச்சை சாய்ந்த கருமை, கோபத்துக்குச் சிவப்பு, வியப்புக்கு மஞ்சள், சோகத்துக்குப் புறாச் சாம்பல். நமக்கோ மஞ்சள் என்றால் மஞ்சள்கிழங்கு, தாலிக்கயிறு, மாரியம்மன். அதனால் மஞ்சளில் பெரியவர்களுக்கு யோசனையே கிடையாது. வெளிச்சுவருக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: நம் மாநிலத்தில் சில கலர்களைச் சேர்த்துப் பட்டை அடித்தால் கட்சிக்கொடி ஆகிவிடும். செங்காவியும் வெள்ளையும் மாறி மாறி அடித்தால் கோயில் மதில். முழுச் செங்கல் சிவப்பு என்றால் "போலீஸ் ஸ்டேஷனா?" என்று கேட்டுக்கொண்டு ஆள் வரும்.

"என் பையனுக்குக் கோபம் ஜாஸ்தி, பிங்க் அடிச்சா அடங்கிடுவானாமே?" என்று ஒருவர் கேட்டார். அந்தக் கதையின் வேர் சியாட்டிலில் இருக்கிறது. 1979இல் அங்கே கடற்படைச் சிறையின் ஒரு அறைக்கு பிங்க் அடித்தார்கள். அலெக்சாண்டர் ஷாஸ் என்பவரின் யோசனை அது. அந்தச் சிறையின் அதிகாரிகள் இருவர் பெயரைச் சேர்த்து அந்தக் கலருக்கு பேக்கர்-மில்லர் பிங்க் என்றே பெயர் வைத்தார்கள். கைதிகள் சாந்தமாகிவிட்டார்கள் என்று செய்தி பரவியது. பிறகு கவனமாகச் செய்த சோதனைகளில் அந்த விளைவு பிடிபடவில்லை. பையனிடமே கலரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள் என்றேன். அவன் எடுத்தது அடர் சாம்பல். ஒரு சுவருக்கு மட்டும் அதைக் கொடுத்துவிட்டு மிச்சத்துக்கு அதே பட்டையின் மேல் கட்டத்தைக் கொடுத்தேன்.

அறை அறையாக

படுக்கையறைக்கு எந்தக் குடும்பமும் சரி, வெளிராகவும் மங்கலாகவும் இருந்தால் போதும். ஹைலைட் சுவர் வேண்டுமென்றால் தலைமாட்டுப் பக்கம் அடியுங்கள். உள்ளே நுழையும்போது கண்ணில் படும், படுத்தபின் தொந்தரவு செய்யாது. படுத்தால் பார்க்கப்போவது சீலிங்கைத்தான், அதனால் அங்கே பளபளப்பு வேண்டாம், மேட் போடுங்கள்.

பெரியவர்கள் இருக்கும் அறைக்குத் தனிக் கவனம் வேண்டும். வயதாக ஆகக் கண்லென்ஸ் மஞ்சளாகும். வெளிர் நீலமும் வெளிர் சாம்பலும் வெளிர் பச்சையும் அவர்களுக்கு ஒன்றுபோலத் தெரியும். நீங்கள் தேடித் தேடி எடுத்த மென்மையான ஷேட் தாத்தாவின் கண்ணுக்கு எட்டவே எட்டாது. கண்புரை ஆபரேஷன் முடிந்து வந்ததும் "சுவரெல்லாம் ஏன் இவ்வளவு நீலமா இருக்கு?" என்று சிலர் கேட்பதும் இதனால்தான். வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் தேதி குறித்திருந்தால் அது முடியட்டும், பிறகு அவரையே கலர் பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் அறையில் அழகைவிட வேறுபாடு முக்கியம். பாத்ரூம் கதவு சுவரின் கலரிலிருந்து நன்றாகப் பிரிந்து தெரியட்டும். சுவிட்ச் போர்டைச் சுற்றி ஒரு அடர் கட்டம், படி விளிம்பில் ஒரு அடர் பட்டை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்திருக்கிறவருக்குத் தடுமாறாமல் போய் வர முடிகிறது என்ற தைரியத்தைவிடப் பெரிய மனநிம்மதி எந்த ஷேட் கார்டிலும் கிடையாது.

படிக்கும் அறையில் மேஜைக்கு நேர் எதிரே பளிச் கலர் வேண்டாம், முதுகுப் பக்கம் எதுவேண்டுமானாலும் இருக்கட்டும். சமையலறையில் மனசைவிட எண்ணெய்ப்பிசுக்குத்தான் முடிவு செய்யும். கழுவக்கூடிய பெயின்டாக எடுங்கள், மஞ்சள் குடும்பம் பிசுக்கை மறைக்கும். பூஜையறைக்கு உங்கள் வீட்டு வழக்கம். வாஸ்து பார்ப்பவர்கள் அக்னி மூலைக்கு ஆரஞ்சு, வடக்குக்குப் பச்சை என்று எழுதிக்கொண்டு வருவார்கள். நான் வாதாடுவதில்லை. அவர்கள் சொன்ன குடும்பத்திலேயே மேல் கட்டத்தைக் காட்டுவேன், வாஸ்துவும் நடக்கும், கண்ணும் பிழைக்கும்.

வாங்கும்போது

ஒரே அறைக்கு இரண்டு மூன்று டின் ஆகும் என்றால் எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே பேட்ச் நம்பரில் வாங்கி, அடிப்பதற்கு முன் பெரிய பக்கெட்டில் ஒன்றாகக் கலக்கச் சொல்லுங்கள். டின்னுக்கு டின் மயிரிழை வித்தியாசம் இருந்தால்கூட நடுச்சுவரில் கோடு விழும். "கொஞ்சம் டல்லா இருக்கு, ஸ்டெய்னர் விட்டுக்கலாமா அண்ணே?" என்று பெயின்டர் தம்பி கேட்டால் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஸ்டெய்னர் என்பது பெயின்டில் சொட்டுச் சொட்டாக விடும் அடர் கலர். கையால் விட்ட சொட்டுக்குக் கணக்கு இருக்காது, அதே கலரை மறுபடி பிறப்பிக்க எந்த மெஷினாலும் முடியாது.

டின் மூடியில் நான் ஒட்டும் ஸ்டிக்கரில் ஷேட் நம்பர், பேஸ், பெயின்டின் வகை மூன்றும் இருக்கும். வேலை முடிந்ததும் டின் பழைய சாமான்காரரிடம் போய்விடும், ஸ்டிக்கரும் சேர்ந்து போய்விடும். அதற்கு முன்னால் அதை உரித்து அந்தந்த அறையின் பீரோக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கள், போனில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். நாலு வருஷம் கழித்து வந்து "அந்த வெளிர் பச்சைதான், உங்களுக்கே ஞாபகம் இருக்குமே" என்றால் எனக்கு ஞாபகம் இருக்காது. கடையில் வெளிர் பச்சை மட்டும் நூற்றுக்கு மேல் இருக்கிறது.